தேக்கம்பட்டிப் பாட்டி

மேட்டுப்பாளையம் பக்கத்துத் தேக்கம்பட்டியின் இயற்கை விவசாயி பாப்பம்மாள் பாட்டி இறந்து (2024 செப்டம்பர் 27) இத்தனை நாள் கழித்து, அவரைப் பற்றிக் கட்டுரை எழுதி நினைவுகூர்ந்ததற்கு நன்றி. ஒரு சின்ன குறை. கட்டுரையில் பாதி, அவர் வயதைப் பற்றியே போகிறது. 108, 109 என்று ஆளுக்கொரு கணக்கு சொன்னார்கள், அது கிடக்கட்டும். சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்து, பாட்டியிடம் வளர்ந்து, மளிகைக்கடை நடத்திய காசில் நிலம் வாங்கியவர். அதைத்தான் விரிவாக எழுதியிருக்க வேண்டும். வேளாண் பல்கலைக்கழகக் கூட்டங்களுக்குப் போய் பேசியிருக்கிறார், உள்ளாட்சிப் பதவியிலும் இருந்திருக்கிறார். 2021இல் பத்மஸ்ரீ வந்த பிறகுதான் நம்மில் பலருக்குப் பெயரே தெரியும். கடைசிக் காலத்திலும் இரண்டரை ஏக்கரில் இயற்கை விவசாயம்!

எங்கள் அமுச்சியும் (அம்மாவின் அம்மா) மேட்டுப்பாளையம் பக்கம்தான். களை வெட்டிவிட்டு வரப்பில் உட்கார்ந்தால், முந்தானையில் முடிந்து வைத்த பொட்டுக்கடலையை எனக்குப் பாதி தருவார். விரல் நுனியெல்லாம் மண் வாசம் வீசும். அவரை விதையை அடுப்புச் சாம்பலில் புரட்டி, மண்கலயத்தில் போட்டு, வாயைத் துணியால் கட்டி அட்டத்தில் (பரணில்) வைப்பார். எழுபதைத் தாண்டியதும் முழங்கால் விட்டுப்போச்சு. அப்புறமும் திண்ணையில் இருந்தபடியே, யார் காட்டில் என்ன விதைக்கிறார்கள் என்று விசாரணை நடக்கும்.

அவர் போன பிறகு வீட்டை ஒதுங்க வைத்தபோது அந்தக் கலயத்தையும் குப்பையில் கொட்டிவிட்டோம். உள்ளே விதை இருந்ததா என்றுகூட யாரும் பார்க்கவில்லை.