படிவத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்

பர்மாவில், யாங்கோனை அடுத்த சிரியம் பக்கத்துக் கிராமங்களில் தனியாக இருக்கும் தமிழ்ப் பெரியவர்களைப் பார்க்கப் போக ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் யாங்கோனிலிருந்து நாலைந்து பேர் கிளம்புவோம். அரிசி, எண்ணெய், பிரஷர் பார்க்கிற மெஷின், அவ்வளவுதான். இப்போது நிறைய இளைஞர்கள் இந்த வேலைக்கு வர ஆசைப்படுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் நாங்கள் ஒரு படிவம் அடித்து எடுத்துப் போனோம். பெயர், வயது, பிள்ளைகள் எத்தனை, என்ன நோய், என்ன அட்டை வைத்திருக்கிறார். ஒரு பாட்டி வீட்டில் நான் அதை வெளியே எடுத்தேன். அதுவரை மகன் தாய்லாந்துக்கு வேலைக்குப் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார். எழுந்து உள்ளே போனார். ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து, அதிலிருந்த காகிதங்களை ஒவ்வொன்றாகப் பாயில் பரப்பினார். அவருடைய எஃப்.ஆர்.சி. (வெளிநாட்டார் பதிவுச் சீட்டு), இறந்துபோன கணவருடையது, மாமனாருடையதுகூட இருந்தது. "எல்லாம் சரியா இருக்கு தம்பி, பாத்துக்குங்க" என்றார். கை நடுங்கியது.

அந்தச் சீட்டை வைத்துக்கொண்டே பிறந்த ஊரில் கிழவியானவர் அவர். 1982 குடியுரிமைச் சட்டம் வந்த பிறகு எந்த வகைக் குடியுரிமை என்பதற்கேற்ப ரோஸ், நீலம், பச்சை என்று அட்டையே மூன்று நிறமாகிவிட்டது. எந்த நிறமும் கிடைக்காதவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அப்படிப்பட்டவர் முன்னால் பேனாவும் தாளுமாக உட்கார்ந்தால், நாம் தமிழே பேசினாலும் அவர் கண்ணுக்கு ஆபீஸ்காரர்தான். அன்றைக்கு அவர் வீட்டில் நான் செய்தது பெரிய தப்பு. அதற்கப்புறம் படிவம் கிடையாது, போட்டோ கிடையாது. வீட்டுக்கு வந்து ஞாபகத்திலிருந்து எழுதிக்கொள்கிறோம்.

இன்னொன்று, வலி. நம் பெரியவர்களுக்கு வலி என்பது ஒரே சொல் இல்லை. குடையுது, எரியுது, பொருமுது, இழுக்குது, படபடங்குது, கிறுகிறுங்குது. ஒவ்வொன்றும் வேறு. பேரனுக்குத் தமிழ் பாதிதான் தெரியும். கிளினிக்கில் அவன் எல்லாவற்றையும் "நாடே" (வலிக்குது) என்று ஒரே பர்மியச் சொல்லில் டாக்டரிடம் சொல்லிவிடுகிறான். ஒரு பெரியம்மா மாதக்கணக்கில் வயிற்றுவலிக்கு மருந்து சாப்பிட்டார். அவர் சொன்னது நெஞ்சை அடைக்குது என்று. கை வைத்துக் காட்டிய இடமும் நெஞ்சுதான். பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படி இருக்கு, சொல்லுங்க" என்று பொறுமையாகக் கேட்க ஒரு ஆள் இருந்திருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும். எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

அப்புறம், "அவர் சொன்னதையே சொல்லுவார்" என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். எண்பதைத் தாண்டிய ஒரு தாத்தா, 1964 மே மாதத்தை விட்டு வெளியே வரமாட்டார். அந்த மார்ச்சில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அவர் அப்பா பெட்டியில் வைத்திருந்தது அத்தனையும் நூறு கியாட் நோட்டு. அண்ணன் குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டது, இவர் அப்பாவோடு தங்கிவிட்டார். இதை ஏழு தடவை கேட்டிருப்பேன். எட்டாவது தடவை, துறைமுகத்தில் அண்ணன் மகள், நாலு வயசுப் பிள்ளை, தன் லுங்கியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை என்றார். விரல் விரலாகத் தானே பிரித்துவிட்டதாகச் சொல்லி, தன் இடது கையின் விரல்களை வலது கையால் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

முதல் ஏழு தடவையில் ஒருமுறை நான் எழுந்து வந்திருந்தால் அது எனக்கு வந்து சேர்ந்திருக்காது. அதனால்தான் சொல்கிறேன், வாரம் ஒரு புது ஊருக்குப் போய் ஐம்பது பை கொடுப்பதைவிட, மூன்று வீடு எடுத்துக்கொண்டு அதே மூன்று வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். அரிசி வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்றைய விலைவாசியில் அது கட்டாயம் வேண்டும். கொடுத்துவிட்டு உடனே செருப்பை மாட்டாதீர்கள், அவ்வளவுதான்.

தமிழ் சரியாக வராது என்று தயங்குகிறவர்களும் வாருங்கள். மறதி நோய் வந்த சிலருக்கு, பின்னால் கற்ற பர்மியம் முதலில் நழுவிவிடுகிறது. அவர்களுக்குப் பாதித் தமிழ் தெரிந்த ஆள் கிடைத்தாலும் பெரிய காரியம். எங்களோடு வரும் ஒரு பெண் போன வாரம் "வாளப்பளம்" என்றாள். படுக்கையில் கிடந்த ஒரு ஆயா, பத்து நாளாக யாரோடும் பேசாதவர், தலையைத் தூக்கி, "வாழப்பழம்னு சொல்லு. நாக்கை மடக்கு" என்றார். சரியாக வரும்வரை விடவில்லை.