ஜாக் சார்ல்டன் ஆடிய கிளப் லீட்ஸ் மட்டுமே

'இங்கிலாந்துக் கால்பந்து வீரர்களான ஜாக், பாபி சார்ல்டன் சகோதரர்கள் மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பில் ஒன்றாக ஆடியவர்கள்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. அது தவறு. மான்செஸ்டர், தம்பி பாபியின் அணி. தடுப்பாட்டக்காரரான அண்ணன் ஜாக் 1952 முதல் 1973 வரை லீட்ஸ் யுனைடெட்டை விட்டு நகரவே இல்லை. மொத்தம் 773 ஆட்டங்கள். அந்தக் கிளப்பில் அதுதான் சாதனை. லீட்ஸ் இரண்டாம் டிவிஷனில் கிடந்த வருடங்களிலும் கூடவே நின்றவர். லீக் பட்டம் கைக்கு வந்த 1969இல் அவருக்கு வயது 33! அந்த விசுவாசத்தை இப்படி அழிப்பது நியாயமில்லை.

சகோதரர்கள் சேர்ந்து ஆடியது இங்கிலாந்துக்காக. 1966 உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் கடைசி விசில் கேட்டதும் வெம்ப்ளி புல்தரையில் ஜாக் முழங்காலிட்டுச் சரிந்தாரே, அந்த அணியில்தான்.

லீட்ஸ் கிளப்பின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். தயவுசெய்து அந்தத் தகவலை மேலும் ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.