கட்டிடம் மட்டும் போதாது
நன்கொடையாளர்கள் முன்வந்தாலே அரசுப் பள்ளிகள் நிமிர்ந்துவிடும் என்று ஒரு கட்டுரையில் சொல்லியிருப்பதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கு முன்னாள் மாணவர் ஒருவர் டைல்ஸ் எல்லாம் போட்டு அருமையாகக் கழிப்பறை கட்டிக் கொடுத்தார், ஆனால் மோட்டார் ரிப்பேரானதும் யார் பொறுப்பு என்றே தெரியாமல் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. அப்புறம் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்த அம்மாக்கள்தான் ஊராட்சி அலுவலகத்தில் போய் உட்கார்ந்து சரிசெய்ய வைத்தார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டம் அந்தக் குழுவில் முக்கால்வாசி இடத்தைப் பெற்றோருக்குத்தான் கொடுத்திருக்கிறது, பல ஊர்களில் அது பெற்றோருக்கே தெரியாது. காமராஜர் காலத்துப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்களே தங்கள் பள்ளிக்கு என்ன தேவை என்று பார்த்துக் கொடுத்தார்கள். இன்று அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டும் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டத்துக்குப் பணம் தருபவர்களும் தருவதற்கு முன் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தரட்டும்.