யார் போட்டுக்கொண்டு போவார்கள்?

நேற்று ஒரு கவுன் படத்தைப் பகிர்ந்தேன், உடம்பில் அங்கங்கே புடைத்து நிற்கும் கவுன். அதன் கீழே நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். தலையணை என்றீர்கள், கட்டி என்றீர்கள், டாக்டரிடம் காட்டச் சொன்னீர்கள். சரி, சிரியுங்கள். நானும் முதலில் சிரித்த ஆள்தான். ஆனால் சிரித்து முடித்தவர்கள் எல்லாரும் வந்து நின்ற இடம் ஒன்றுதான்: "இதை யார் போட்டுக்கொண்டு போவார்கள்?"

போட்டார்கள். ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர் ரெய் கவாகுபோவின் 1997 வசந்தகாலத் தொகுப்பு அது. தோளிலும் முதுகிலும் இடுப்பிலும் பஞ்சுத் திண்டுகளை வைத்துத் தைத்தது. அதே வருடம் அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமின் நடனக் கலைஞர்கள் அந்தப் புடைப்புகளோடு மேடையில் ஆடினார்கள். இடுப்பு எங்கே இருக்க வேண்டும் என்று துணிக்கு யார் சொன்னது? கவாகுபோ கேட்டது அவ்வளவுதான். அதற்கு உங்கள் பதில் தலையணை.

எனக்கு இந்த ஆடை வடிவமைப்புப் பைத்தியம் பிடித்து எட்டு மாதம் ஆகிறது. பழைய கோட் ஒன்றின் உள்துணி கிழிந்தது, நானே தைக்கலாமென்று பிரித்தேன். கையைத் தனியாகக் கழற்றி மேசையில் விரித்தால், மேல்முனை குன்று மாதிரி வளைந்திருக்கிறது. அளந்து பார்த்தேன். கைக்குழியின் சுற்றளவைவிட அந்த வளைவு கொஞ்சம் நீளம். அந்த உபரியைச் சுருக்கம் தெரியாமல் உள்ளே அமுக்கித் தைத்தால்தான் தோள் உருண்டு நிற்கும். இத்தனை வருடம் அதற்குள் கையை விட்டிருக்கிறேன், ஒரு நாளும் யோசித்ததில்லை. (கோட்டைத் திரும்பத் தைக்க முடியவில்லை. அது வேறு கதை.)

அப்புறம்தான் கவாகுபோவின் 1982 ஸ்வெட்டர் கண்ணில் பட்டது. உடம்பெல்லாம் ஓட்டை. பூச்சி அரித்தது என்றுதான் நானும் நினைத்தேன். பின்னல் இயந்திரத்தின் திருகைத் தளர்த்தி வேண்டுமென்றே விழவைத்த ஓட்டைகளாம். அவரைக் கேட்டால் அது கிழிசலே இல்லை, ஒருவகை லேஸ், அதாவது ஓட்டை ஓட்டையாகப் பின்னும் அலங்காரத் துணி. இதைப் படித்த பிறகும் அந்த ஸ்வெட்டர் எனக்கு அழகாகத் தெரியவில்லை. ஆனால் அரைமணி நேரம் அந்தப் படத்தை விட்டு நகரவும் முடியவில்லை.

"எல்லாம் பணக்காரர் விளையாட்டு" என்பவர்களுக்கு: விலை அநியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். நான் ஒன்றும் வாங்கவில்லை, படம்தான் பார்க்கிறேன். அதற்கு யாரும் காசு கேட்கவில்லை.

யார் போடுவார்கள் என்றீர்களே, 2000இல் ஆடை வடிவமைப்பாளர் ஹுசைன் சலாயன் காட்டியதைப் பாருங்கள். மேடையில் ஒரு வீட்டு அறை. நாற்காலி உறைகளைக் கழற்றிப் பெண்கள் உடுத்திக்கொள்கிறார்கள், நாற்காலிகள் மடங்கிப் பெட்டிகளாகின்றன. கடைசியாக ஒருத்தி வட்ட மர மேசையின் நடுவில் இறங்கி நின்று அதைத் தூக்க, அது அடுக்கடுக்காக விரிந்து பாவாடையாகிறது. சலாயன் சைப்ரஸில் பிறந்தவர், சண்டையில் மக்கள் வீடுகளை விட்டு ஓடிய தீவு அது. வீட்டை விட்டு அவசரமாக ஓட வேண்டியவர்கள் எதை எடுத்துக்கொண்டு போவார்கள் என்று யோசித்துச் செய்தது அது. இப்போது கேளுங்கள், யார் போட்டுக்கொண்டு போவார்கள் என்று.

அந்தப் படத்தைக் கேலி செய்ததுகூட எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. "எட்டு மாதத்துக்கு முன்னால் இவருக்குக் காலர் தெரியுமா, கஃப் தெரியுமா?" என்று எழுதியவர் என்னோடு பல வருடம் பழகியவர். தெரியாதுதான். அதனால்தானே படிக்கிறேன்? விவரம் தெரிந்தவர்கள் குழுவுக்குப் போனால், கவாகுபோவின் நிறுவனப் பெயரை 'கோம் டே கார்சோன்' என்று சரியாகச் சொல்ல வரவில்லையென்று சிரிக்கிறார்கள். இங்கே வந்தால் சொல்ல வந்ததற்கே சிரிக்கிறீர்கள். புதிதாக ஒன்றைப் பிடித்துப்போனவர் எங்கேதான் போய் அதைச் சொல்வது?

நேற்றைய படத்தை நீக்கச் சொன்ன நண்பர்களே, நீக்கவில்லை. அடுத்தது பெல்ஜிய வடிவமைப்பாளர் மார்ஜெலாவின் டாபி பூட்ஸ், கட்டைவிரல் தனியாகப் பிளந்து நிற்கும். ஆட்டுக் குளம்பு என்று எழுதப் போகிறவர்கள் இப்போதே எழுதிவிடுங்கள்.