பள்ளியில் நன்றாகத்தான் இருக்கிறானாம்

"இங்கே நன்றாகத்தானே இருக்கிறான், அம்மா?"

இந்த ஒரு வாக்கியத்தை இந்தக் கல்வியாண்டில் எத்தனை முறை கேட்டேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். வகுப்பாசிரியை சொன்னார். தலைமையாசிரியை சொன்னார். வாரம் ஒருமுறை வந்துபோகும் ஆலோசகரும் சொன்னார். சொல்லிவிட்டு மூவரும் ஒரே மாதிரி தலையைச் சற்றே சாய்த்து என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்கு மனப்பாடம். பள்ளியில் நன்றாக இருக்கிற பிள்ளை வீட்டுக்கு வந்ததும் உடைந்து போகிறான் என்றால் கோளாறு வீட்டில். வீடு என்றால், வேறு யார், நான்தான்.

என் மகனுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனம் சிதறுவதும் ஓரிடத்தில் அசையாமல் இருக்க முடியாததும்) இரண்டும் உண்டு. இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம் என்பதையே அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2013-இல்தான் ஒப்புக்கொண்டது. அதுவரை ஆட்டிசம் என்று எழுதிவிட்டால் ஏடிஎச்டி என்று எழுதக்கூடாது என்பது விதி. என் மகன் அந்த விதி போன பிறகு பிறந்தான். அவன் பள்ளி இன்னும் அதற்கு முன்னால் நிற்கிறது.

மாலையில் கதவைத் திறப்பேன். உள்ளே வருவான். பை தோளிலேயே இருக்கும். வாசலைத் தாண்டி இரண்டடி வைத்ததும் தரையில் உட்கார்ந்துவிடுவான். காலுறையின் விரல் நுனியில் ஓடும் தையல் காலையிலிருந்து அவனை அறுத்துக்கொண்டிருந்திருக்கும். அதைக் கழற்ற வேண்டும், ஆனால் ஷூவின் முடிச்சு அவிழாது. நான் குனிந்து கை வைத்தால் அலறுவான். கை வைக்காவிட்டாலும் அலறுவான். சில நாள் பத்து நிமிடம், சில நாள் ஒரு மணி நேரம். அலறி முடித்ததும் அந்தத் தரையிலேயே சுருண்டு தூங்கிப்போவான். அப்போதுதான் நான் அவன் சட்டையைப் பார்ப்பேன். காலர் முழுக்க ஈரமாக இருக்கும். நுனியைக் கடித்துக் கடித்து நூல் பிரிந்து தொங்கும். மேலிருந்து இரண்டாவது பொத்தானைக் காணோம். நன்றாக இருக்கிற பிள்ளை பொத்தானைத் தின்றிருக்கிறான்.

இதைச் சொன்னால், "வகுப்பில் அவன் ஒருநாளும் அழுததில்லையே" என்கிறார்கள். அதைத்தான் நானும் கத்திக் கத்திச் சொல்கிறேன்! அழவில்லை, ஏனென்றால் அழக்கூடாது என்று அடக்கிவைத்திருக்கிறான். தனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் இரண்டு பையன்களைப் பார்த்து, அவர்கள் சிரித்தால் இவன் சிரிப்பான், அவர்கள் எழுந்தால் இவன் எழுவான். ஒருநாள் தூங்கப் போகும்போது அவனே சொன்னான்: "அம்மா, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாது. ஆனால் எப்போது நிறுத்த வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்." ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சிரிப்பை நிறுத்துவது ஒரு பாடம். மதிப்பெண் இல்லாத பாடம். ஐந்தாறு மணி நேரம் இந்த வேலையைப் பார்த்துவிட்டு வருகிறவனுக்குத்தான் இரண்டு பக்கம் வீட்டுப்பாடம்.

கற்றுக்கொண்ட உத்திகளால் அறிகுறிகள் மறைக்கப்படலாம் என்று அதே 2013 கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. அந்த வரியை அச்சடித்து எடுத்துப்போய்க் கொடுத்தேன். "நிறைய இணையத்தில் படிக்கிறீர்கள் போலிருக்கிறது" என்று சிரித்தார் ஆலோசகர். படிக்காமல் போயிருந்தால் அக்கறையில்லாத தாய் என்பார். படித்ததால் பதற்றக்காரத் தாய்.

தாயைக் குற்றம் சொல்வது இன்று நேற்று வந்த பழக்கமா? லியோ கேனர் என்ற மனநல மருத்துவர் 1943-இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதினார். ஆட்டிசம் தனியொரு நிலையாகப் பேசப்பட்டது அங்கிருந்துதான். அந்தக் கட்டுரையிலேயே பெற்றோரிடம் கனிவு குறைவு என்ற முணுமுணுப்பும் இருந்தது. பிறகு புருனோ பெட்டல்ஹெய்ம் போன்றவர்கள் அதை ஊதிப் பெரிதாக்கினார்கள். குளிர்சாதனப் பெட்டித் தாய்மார் என்று ஒரு பெயரே நிலைத்தது. பெற்றவளிடம் சூடு இல்லையாம், அதனால் பிள்ளை உறைந்துவிட்டானாம். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லண்ட் 1964-இலேயே இதை மறுத்துப் புத்தகம் எழுதினார். 1977-இல் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வு, மரபணுவுக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்று காட்டியது. அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டுமல்லவா? முடியவில்லை. சூட்டை மட்டும் மாற்றிவிட்டார்கள். அன்று அவளிடம் அன்பு போதவில்லை. இன்று நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன். எந்த அளவில் அன்பு வைத்தால் இவர்களுக்குத் திருப்தி என்று யாராவது ஒரு தெர்மாமீட்டர் கொடுத்தால் தேவலை.

உறவினர்கள் பக்கம் போகவே வேண்டாம். "இரண்டு போட்டால் அடங்குவான்" என்பதற்கு மேல் அவர்களிடம் மருந்து கிடையாது.

போன மாதக் கூட்டத்தைச் சொல்கிறேன். மேசையின் அந்தப் பக்கம் நான்கு பேர், இந்தப் பக்கம் நான். நான் கேட்டது மூன்றே மூன்று. இரைச்சலைக் குறைக்கும் காதுக்கவசம் போட்டுக்கொள்ள அனுமதி, ஜன்னலிலிருந்து தள்ளி ஓர் இருக்கை, இடைவேளையை அவனிடமிருந்து பறிக்காமல் இருப்பது. நான் பேசத் தொடங்கியபோது பக்கத்து அறையில் யாரோ சுவரைத் துளைக்க ஆரம்பித்தார்கள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. தலைமையாசிரியை நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "யாராவது போய் அதை நிறுத்தச் சொல்லுங்கள், தலை வெடிக்கிறது" என்றார். ஒருவர் ஓடினார். சத்தம் நின்றது. அவரைப் பார்த்து யாரும் "பழகிக்கொள்ளுங்கள் மேடம்" என்று சொல்லவில்லை. சத்தம் நின்ற அமைதியில், என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "காதுக்கவசம் கொடுத்தால் மற்றப் பிள்ளைகளும் கேட்பார்கள். அவன் பழகிக்கொள்ள வேண்டும், அம்மா."

கேட்கட்டுமே! முப்பது பிள்ளைகளும் கேட்டால் அந்த வகுப்பில் சத்தம் அதிகம் என்று அர்த்தம்.

இடைவேளை விஷயம் இன்னும் கொடுமை. நாற்காலியில் அசைந்தால் தண்டனை. என்ன தண்டனை? விளையாட விடாமல் வகுப்பிலேயே உட்காரவைப்பது. அசையாமல் இருக்க முடியாத பிள்ளைக்கு அசைய விடாமல் வைத்தியம்! பிறகு பிற்பகலில் இன்னும் அதிகமாக அசைகிறான் என்று அவன் நோட்டுப் புத்தகத்தில் எனக்கு ஒரு புகார் வரும். சிவப்பு மையில்.

இத்தனைக்கும் இது நடக்காத காரியமில்லை. போன ஆண்டு இருந்த ஆசிரியை யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இவன் முழங்கால் ஆடத் தொடங்கினால், ஒரு கட்டு நோட்டுகளைக் கையில் கொடுத்து, "இதை அலுவலக அறையில் வைத்துவிட்டு வா, கண்ணா" என்பார். போய்விட்டு வந்து கணக்குப் போடுவான். அந்த நோட்டுகளை யாரும் திருத்தவேயில்லை என்பது ஆண்டு முடியும்போதுதான் எனக்குத் தெரிந்தது. போகவும் வரவும் ஒரே கட்டு. அந்த ஆண்டு ஒரு காலர்கூடக் கிழியவில்லை.

இப்போதோ எதைக் கேட்டாலும் "சலுகை" என்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-இல் வந்தது. அதன் 24-ஆம் பிரிவு கல்வி பற்றியது. ஒருவருக்குத் தேவையான நியாயமான மாற்றங்களைச் செய்ய மறுப்பதே பாகுபாடு என்று 2-ஆம் பிரிவு சொல்கிறது. உடன்படிக்கையின் தலைப்பிலேயே உரிமை என்று இருக்கிறது. அதைச் சலுகை என்று திருத்தி வாசிக்க இவர்களுக்கு யார் சொன்னது?

இன்னொன்றையும் சொல்லி வயிற்றெரிச்சலைத் தீர்த்துக்கொள்கிறேன். இரண்டு கூட்டங்களில் நான் கேட்ட ஜன்னல் இருக்கை மாற்றத்தை மூன்றாவது கூட்டத்தில் என் கணவர் கேட்டார். அதே சொற்கள், காரில் வரும்போது நான் சொல்லிக்கொடுத்தவை. ஆலோசகர் பேனாவைத் திறந்து குறித்துக்கொண்டார். மறுநாளே இருக்கை மாறியது. என் கணவர் நல்லவர்தான். அன்று இரவு அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

நான் மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. முதலாண்டில் நானும் அவனிடம் அதையே கேட்டேன். "பள்ளியில் நன்றாக இருக்கிறாயாமே, என்னிடம் மட்டும் ஏன் இப்படிச் செய்கிறாய்?" அவன் பதில் சொல்லவில்லை. காலரை வாயில் வைத்துக்கொண்டான். அப்போது எனக்கு அது கெட்ட பழக்கம் என்றுதான் தோன்றியது. கையைத் தட்டிவிட்டேன்.

வருகிற வியாழக்கிழமை மறுபடி கூட்டம். மருத்துவ அறிக்கை, அச்சடித்த பக்கங்கள், நான் எழுதிவைத்த நாட்குறிப்பு எல்லாம் அடங்கிய கோப்பு ஒன்று இருக்கிறது. அதை இந்த முறை எடுத்துப்போகப் போவதில்லை. கிழிந்த சட்டைகளைத் தூக்கிப் போடாமல் ஒரு பையில் சேர்த்துவைத்திருக்கிறேன். இந்த ஆண்டு மட்டும் ஏழு. துவைக்கவில்லை. ஏழையும் அந்த மேசையில் வரிசையாக விரித்துவைத்துவிட்டு, அவர்கள் பேசும்வரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கப்போகிறேன்.