ஒரே கட்டளையாம், எல்லாம் ஓடிவிடுமாம்!

ஸ்மார்ட் மீட்டரைக் கண்காணிக்க ஒரு செயலி. அதை ஓட்டுவது டாக்கர், செயலியைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் மென்பொருள். எதை எப்படி ஓட்டுவது என்று டாக்கருக்குச் சொல்லும் காம்போஸ் கோப்பை இறக்கு, ஒரே கட்டளை கொடு, எல்லாம் ஓடும் என்று எழுதிவைத்த புண்ணியவானுக்கு ஒரு பெரிய கும்பிடு. ஓடுகிறது, இல்லை என்று சொல்லவில்லை. வேலைதான் செய்ய மாட்டேன் என்கிறது.

மீட்டர் மேல் ஒரு குறையும் இல்லை. அது பாட்டுக்கு அளவைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. வம்பு அதைக் கணினியோடு இணைக்கும் யூஎஸ்பி கேபிளில் தொடங்குகிறது. இணைப்பு ஒரு கணம் விட்டு ஒட்டினால் போதும், லினக்ஸ் அதற்கு வைத்த பெயர் டிடிஒய்யூஎஸ்பி0 என்று இருந்தது டிடிஒய்யூஎஸ்பி1 ஆகிவிடும். பழைய பெயரைச் செயலி இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறதே, லினக்ஸ் வேறு என்ன செய்யும்? 'சாதனத்தின் அடையாளத்தை வைத்து அமைந்த பை-ஐடி பாதையைக் கொடுங்கள், மாறவே மாறாது' என்று ஒரு பண்டிதர் உடனே வருவார். கொடுத்தாயிற்று ஐயா! கன்டெய்னர் கிளம்பும்போது டாக்கர் அந்தப் பாதையை ஒரு தடவை பார்க்கும், அதோடு சரி. நடுவில் எண் மாறினால் ரீஸ்டார்ட் செய்தால்தான் உண்டு.

அதை யார் செய்வது? டாக்கரின் ரீஸ்டார்ட் பாலிசி, செயலி செத்து விழுந்தால்தான் எழுப்பும். இது சாகாமல் வெறும் போர்ட்டை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். செயலி நலமா என்று அவ்வப்போது சோதிக்கும் ஹெல்த்செக் எழுதினால்? 'அன்ஹெல்தி' என்று முத்திரை குத்திவிட்டு டாக்கர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். முத்திரை குத்தத் தெரிகிறது, தட்டி எழுப்பத் தெரியாதா?

விடிந்து நாமே ரீஸ்டார்ட் செய்தால், ராத்திரி முழுக்க ஓடிய யூனிட் அத்தனையும் வரைபடத்தில் காலை ஏழு மணியில் ஒரே கம்பமாக நிற்கிறது. மீட்டர் தருவது மொத்தக் கணக்கு, அது தொலையாது. எந்த மணிக்கு எவ்வளவு என்பதுதான் போச்சு. அதைப் பார்க்கத்தானே இந்தக் கூத்தே!

அப்புறம் போஸ்ட்கிரஸ், அளவுகளைச் சேமிக்கும் தரவுத்தளம். காம்போஸில் பதிப்பு எண் இல்லாமல் 'லேட்டஸ்ட்' என்று போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், மகராசர்கள். இமேஜை, அதாவது அந்த மென்பொருள் பொதியை, புதுப்பித்தால் பதிப்பு 17 போய் 18 வந்து உட்காரும். 17 எழுதிய கோப்புகளை 18 அப்படியே படிக்காது. போதாக்குறைக்கு, 18-இல் தரவு இருக்கும் வால்யூமை மாட்டும் இடத்தையே மாற்றிவிட்டார்கள். பழையதை மறுபடி ஏற்றி, டம்ப் என்ற முழு நகலை எடுத்து, புதியதில் கொட்ட வேண்டும். இதற்கா ஒரே கட்டளை?

நேர மண்டலத்தைச் சொல்லாவிட்டால் யூடிசி என்ற உலகப் பொது நேரம்தான், நாள் கணக்கு தப்பாகும். சரி, அதையாவது ஒரு வரியில் திருத்தலாம்.

இன்றைக்கு டிஸ்க் நிரம்பிவிட்டது. மீட்டர் தகவலாலா? இல்லை. 'போர்ட் கிடைக்கவில்லை' என்ற ஒரே வரியை லாக் என்ற நிகழ்வுப் பதிவில் எழுதி எழுதியே நிரப்பியிருக்கிறது. டாக்கர் வழக்கமாக வைக்கும் லாக்குக்கு அளவு வரம்பே கிடையாதாம். இடம் தீர்ந்ததும் போஸ்ட்கிரஸும் படுத்துவிட்டது. காம்போஸில் மேக்ஸ்-சைஸ் என்று ஒரு வரி போட வேண்டுமாம். அந்த வரியை நீங்கள் கொடுத்த கோப்பிலேயே போட்டுத் தந்திருந்தால் குடியா முழுகியிருக்கும்?