இன்டெக்ஸிங்கை நிறுத்துவது எல்லாக் கணினிக்கும் மருந்தல்ல
கோப்புகளின் பெயர்களையும் உள்ளடக்கத்தையும் முன்கூட்டியே ஒரு பட்டியலாக (இன்டெக்ஸ்) தொகுத்துவைத்துத் தேடலை விரைவாக்கும் விண்டோஸ் சர்ச் சேவையை முடக்கினால் எந்தக் கணினியும் வேகமெடுக்கும் என்று ஒரு கட்டுரையில் கூறப்பட்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் 4 ஜிபி ரேமும் கொண்ட பழைய கணினியில் அது ஓரளவு உண்மைதான். இன்டெக்ஸ் எழுதப்படும் நேரத்தில் டிஸ்க்கில் தகவலைப் படித்து எழுதும் முனை அங்கும் இங்கும் ஓட வேண்டியிருப்பதால், டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் பயன்பாடு 100 சதவீதத்தைத் தொட்டு நிற்பதைப் பார்க்கலாம். சுழலும் பாகங்கள் இல்லாத எஸ்எஸ்டி சேமிப்பகம் உள்ள கணினியில் அந்தச் சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை. தவிர, நாம் வேலை செய்துகொண்டிருக்கும்போது இன்டெக்ஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சேவையை நிறுத்துவதால் நாம் இழப்பது என்ன என்பதைக் கட்டுரை சொல்லாமல் விட்டது பெருங்குறை. எங்கள் தணிக்கை அலுவலகத்தில் இச்சேவை நிறுத்தப்பட்டிருந்த ஒரு கணினியில், வாடிக்கையாளர் ஒருவரின் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து எக்செல் கோப்புகளைத் தேடியபோது, எக்ஸ்புளோரரின் மேலே பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருந்ததேயன்றி எண் அகப்படவில்லை. இன்டெக்ஸ் இல்லாத இடத்தில் விண்டோஸ் இயல்பாகக் கோப்பின் பெயரைத்தான் பார்க்குமே தவிர உள்ளடக்கத்தை அல்ல. அவுட்லுக்கில் பழைய மின்னஞ்சலைத் தேடுவதும் அப்படியே இழுத்தடித்தது. சேவையை அடியோடு நிறுத்துவதைவிட, கண்ட்ரோல் பேனலின் இன்டெக்ஸிங் ஆப்ஷன்ஸில் ‘மாடிஃபை’ பொத்தானை அழுத்தி, ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும் ஃபோல்டர்களை (நிரல் எழுதுவோருக்கு இவை ஏராளம்) மட்டும் இன்டெக்ஸ் செய்யப்படும் இடங்களின் பட்டியலிலிருந்து நீக்குவதே முறை. இன்டெக்ஸே பழுதாகியிருந்தால், அங்குள்ள ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் ‘ரீபில்டு’ கொடுத்து இரவு முழுவதும் ஓட விடலாம்.